ஸ்கோருக்குப் பணம் கட்டும் முன் பேத்தாலஜி ரிப்போர்ட்டைப் புரட்டுங்கள்

பெருங்குடல் புற்றுநோய், ஸ்டேஜ் 2. கட்டியை எடுத்தாயிற்று, நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை. இனி கீமோ வேண்டுமா? மரபணு ஸ்கோர் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அவ்வளவு சுலபமில்லை.

ஆன்கோடைப் டிஎக்ஸ் கோலன் டெஸ்ட் கட்டியில் 12 மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை அளக்கிறது. 5 ஒப்பீட்டுக்கு, மீதி 7 நோய் திரும்பும் வாய்ப்பைச் சொல்லும் ஸ்கோரின் கணக்குக்கு. அதில் பி.ஜி.என்., எஃப்.ஏ.பி., ஐ.என்.எச்.பி.ஏ. மூன்றும் கட்டியைச் சூழ்ந்த நார்த்திசுவைக் காட்டுபவை. கூடினால் ஸ்கோர் ஏறும். செல் பெருக்கத்தைக் காட்டும் கே.ஐ.67, மிக் வகையறா கூடினால் ஸ்கோர் இறங்கும். ஆம், இறங்கும்! மார்பகப் புற்றுநோய் ஸ்கோருக்கு நேர் எதிர்.

2011இல் வெளியான குவாசர் ஆய்வில், ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களுக்கு 3 ஆண்டுக்குள் நோய் திரும்பிய விகிதம்: குறைந்த ஸ்கோர் 12%, நடு 18%, உயர்ந்தது 22%. உயர்ந்த ஸ்கோர் வந்தாலும் நூற்றுக்கு 78 பேருக்குத் திரும்பவில்லை. ஸ்கோர் உயர்ந்தவருக்கு கீமோ கூடுதலாகக் கேட்கும் என்றும் அது காட்டவில்லை. நோய் திரும்புமா என்பது ஒரு கேள்வி, மருந்து கேட்குமா என்பது வேறு கேள்வி.

நார்த்திசு கணக்கில் இருப்பதால், பிளாக்கில் (கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்தது) எந்த இடத்தைச் சுரண்டினார்கள் என்பதும் ஸ்கோரை ஆட்டும். பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடில் கட்டியைப் பேனாவால் வட்டமிட்டுத் தர வேண்டும். குடலைத் திறந்து கழுவாமல் அப்படியே டப்பாவில் போட்டால், திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் உள்ளே ஊறுவதற்குள் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். திசுவைப்போல் பத்து மடங்கு 10% பஃபர் ஃபார்மலின், 6 முதல் 72 மணி நேரம். இதில் கோட்டை விட்டால் எந்த லேபும் காப்பாற்றாது.

ரிப்போர்ட்டில் முதலில் கணுக்களை எண்ணுங்கள். 12க்குக் குறைவாகப் பார்த்திருந்தால், ஸ்டேஜ் 2 என்பதே சந்தேகம். அடுத்து எம்.எல்.ஹெச்1, பி.எம்.எஸ்2, எம்.எஸ்.ஹெச்2, எம்.எஸ்.ஹெச்6: டி.என்.ஏ. பிழைகளைச் சரிசெய்யும் நாலு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்க்கும் சாயப் பரிசோதனை. ஏதாவது ஒன்று காணாமல் போயிருந்தால், ஸ்டேஜ் 2இல் நோய் திரும்பும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு, 5-எஃப்.யூ. என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுத்துப் பலனில்லை. பரம்பரை லிஞ்ச் நோயா என்றும் துருவ வேண்டும்.

அதே பிளாக்கில் சி.டி.எக்ஸ்2 என்ற புரதத்துக்கான சாயமும் போடலாம். 2016இல் வந்த ஆய்வில், இது இல்லாத ஸ்டேஜ் 2 நோயாளிகளில் கீமோ எடுத்தவர்களில் 91%, எடுக்காதவர்களில் 56% பேர் 5 ஆண்டு நோயில்லாமல் இருந்தார்கள். ஆனால் 23 பேர், 25 பேர் கணக்கு அது. பழைய பதிவுகளைப் புரட்டி எடுத்தது. தலைப்பைப் பார்த்துத் துள்ள வேண்டாம்.

கீமோ யாருக்கு என்பதை நேரடியாகச் சோதித்தது ஆஸ்திரேலியாவின் டைனமிக் ஆய்வு. ஒரு குழுவுக்கு, ஆபரேஷனுக்குப் பின் ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. இருந்தால்தான் கீமோ என்று வைத்தார்கள்; இன்னொரு குழுவுக்கு வழக்கமான முறையில் முடிவெடுத்தார்கள். கீமோ எடுத்தவர்கள் வழக்கமான குழுவில் 28%, ரத்தம் பார்த்த குழுவில் 15%தான். 2 ஆண்டில் நோய் திரும்பாதவர்கள் இரு பக்கமும் 92-93% அளவில்தான்.