முக்கால் ரூபாயும் பால் கஞ்சியும்

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையில் தலைப்பின் வஞ்சப்புகழ்ச்சியைத் தவிர அணிநயம் ஏதுமில்லை என்று அக்கதை பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தில் கதைநாயகி அம்மாளுவும் அவள்மேல் கண் வைத்திருந்த ஒருவனும் இருளில் மறைகிறார்கள். அடுத்து, அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள் என்ற கணக்கு மட்டும் வருகிறது. அடிபட்டுக் கிடக்கும் ஜட்கா வண்டிக்காரப் புருஷனுக்குப் பால் கஞ்சி வேண்டும். அந்தக் கஞ்சியைவிட வலிய படிமம் வேறென்ன இருக்கிறது? சொல்லாமல் விட்ட அத்தனையும் அதற்குள் இருக்கிறது!

அம்மாளு மில் கூலி. பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு அவள் வெறும் குறியீடு அல்ல, அக்கம்பக்கத்துப் பெண். கதையின் கடைசியில் புதுமைப்பித்தனே முன்வந்து ‘கற்பு, கற்பு’ என்று நம்மிடம் வாதாடுவதுதான் எனக்கு உறுத்துகிறது; கஞ்சியோடு நிறுத்தியிருக்கலாம்.