நவம்பர் 9 வெறும் தற்செயல் இல்ல
இங்கிலாந்து ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டிஸும் ஒரே நாள்ல செத்தாங்கன்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, வழக்கமா சொல்ற தேதி வேணா ஒண்ணு, 1616 ஏப்ரல் 23 (செர்வான்டிஸ் செத்தது 22, அடக்கம் பண்ணதுதான் 23னு இப்ப சொல்றாங்க), ஆனா நாள் ஒண்ணு இல்லையே, ஸ்பெயின் 1582லயே இப்ப நாம பயன்படுத்துற கிரிகோரியன் காலண்டருக்கு மாறிடுச்சு, இங்கிலாந்து 1752 வரைக்கும் அப்ப பத்து நாள் பின்தங்கியிருந்த பழைய ஜூலியன் காலண்டரையே புடிச்சு தொங்கிட்டு இருந்துச்சு, அதனால ஷேக்ஸ்பியர் போனது ஸ்பெயின் கணக்குக்கு மே 3. அப்புறம் மேல ஒருத்தர் ஒரே தேதில பல சம்பவம் வர்றதெல்லாம் சும்மா தற்செயல்னு கமெண்ட் போட்டிருக்கார், அதையும் முழுசா ஒத்துக்க முடியல, ஜெர்மனியோட நவம்பர் 9ஐ எடுத்துக்கோங்க. 1918ல கைசர்ங்கிற பேரரசரோட ஆட்சி போய் குடியரசு அறிவிச்சது அன்னைக்குதான், 1923ல ஹிட்லர் மியூனிக்ல ஆட்சிய புடிக்க பார்த்து மண்ணைக் கவ்வினதும் அன்னைக்குதான், 1938ல யூதர்களோட கடை, வழிபாட்டு இடம்லாம் அடிச்சு நொறுக்கினதும் அதே ராத்திரி. இதுல 38 தற்செயலே கிடையாது சார், 23ல அந்த முயற்சில செத்த நாஜி கட்சிக்காரங்களுக்கு வருஷா வருஷம் நடத்துற நினைவு கூட்டத்துக்கு நாஜி தலைவருங்க மியூனிக்ல கூடியிருந்தப்பதான் பாரிஸ்ல சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி செத்த செய்தி வந்துச்சு, பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் அங்கேயே பேசி ஏத்திவிட்டான். 1989 நவம்பர் 9ல பெர்லின் சுவர் திறந்தது வேணா தற்செயல், கிழக்கு ஜெர்மனிக்காரங்க வெளிய போகலாம்ங்கிற புது விதி எப்பலேர்ந்துன்னு பிரஸ் மீட்ல கேட்டதுக்கு அந்த நாட்டு ஆளுங்கட்சி தலைவர்கள்ல ஒருத்தரான ஷபோவ்ஸ்கி பேப்பரை புரட்டி புரட்டி பார்த்துட்டு உடனேன்னு உளறிட்டார், அது மறுநாள்தான் நடைமுறைக்கு வர வேண்டியது. சுவர் விழுந்த நாளை விட்டுட்டு ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணான அக்டோபர் 3ஐ தேசிய நாளா வெச்சதுக்கு அந்த 38 கறையும் ஒரு காரணம்.