உரோம உறைமேல் விழாத பழி

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் செப்புத்தகட்டுச் சித்திரங்களில் ‘லேஸ்’ என்ற நுண்பின்னல் துணியும் பட்டும் அணிந்த பெண்களைக் கண்டதும், ‘பெண்ணின் பகட்டைக் கண்டிக்கும் படங்கள்’ என்று ஒரே வரியில் விளக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிராகா நகரில் 1607இல் பிறந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த வென்செஸ்லாஸ் ஹோலர், 1643இல் ‘குளிர்காலம்’ என்ற படத்தை வரைந்தார். முகத்தின் மேற்பாதியைக் கறுப்பு முகமூடியால் மறைத்து, முக்காடிட்டு, இரு கைகளையும் நுழைத்துக்கொள்ளும் ‘மஃப்’ என்ற உரோம உறையுடன் ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் லண்டனின் கார்ன்ஹில் தெரு. படத்தின் அடியில் உள்ள நான்கு வரிச் செய்யுளோ, அவள் விலங்கின் உரோமத்தை அணிவது குளிரால்தான், கொடுமையால் அல்ல என்று தொடங்கி, இரவில் அவளைத் தழுவும் இன்னும் மென்மையான தோலைப் பற்றிய சிற்றின்பக் குறிப்பில் முடிகிறது. குளிருக்கு உரோமம் போர்த்தியவளை ஏன் இப்படிச் சீண்ட வேண்டும் என்று அதை வாசிக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது.

அதே ஹோலர் 1647இல் பெண்ணே இல்லாமல் மஃப்களை மட்டும் தனியாக வரைந்தார். செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறிய இடங்களை அமிலம் அரிக்கவிடும் முறையில், ஒவ்வொரு மயிரும் எந்தப் பக்கம் சாய்கிறது, ஒளி எங்கே வழுக்குகிறது என்பதுவரை காட்டியிருக்கிறார். கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் மட்டுமே கொண்டு உருவான அந்த மென்மையைத் தொட்டுப்பார்க்கக் கை நீளும். அவற்றைக் கலைத்திறனின் உச்சம் என்று கொண்டாடுகிறோம். பகட்டு என்ற பேச்சே எழுவதில்லை. அப்படியானால் பழி பொருளின் மேல் இல்லை, அதை அணிந்தவள்மேல் நாம்தான் ஏற்றியிருக்கிறோம்.

பிரான்சில் 1633இல் ஆடம்பர உடைகளைக் கட்டுப்படுத்தும் அரசாணை வந்தபோது, அந்நாட்டுச் செப்புத்தகட்டுச் சித்திரக்காரர் ஆப்ரகாம் பாஸ் அதை வைத்தே படங்கள் வரைந்தார். அவற்றில் ஒரு சீமாட்டி எளிய உடையில் நிற்கிறாள். தான் அழகிதான் என்றாலும் பொன்னும் லேசும் சேர்ந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அவளே சொல்வதாகச் செய்யுள். தன் விருப்பத்தை ஒளிக்காமல் சொல்லும் அந்தக் குரல் எனக்கு மிகவும் பிடிக்கும். இணையாக ஓர் அரசவை ஆணும் அதே ஆணைக்குப் பணிந்து, அலங்கார உடைகளைக் களைந்து நிற்கும் படம் உண்டு. அதை ஆணின் பகட்டு என்று இதுவரை எவரும் எனக்கு விளக்கியதில்லை.