பல்லு எத்தனைங்க?

(கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத்து பட்டறை. பம்புசெட்டுக்கும் விசைத்தறிக்கும் கியர், புஷ், ஷாஃப்ட் என்று ஜாப் வொர்க் செய்யும் இடம். பட்டறைக்காரர் பழனிசாமிக்கு அறுபது தாண்டியாயிற்று, கண்ணாடி மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். வந்திருக்கும் செந்தில் அவிநாசிக்காரர், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்ப்பவர். கையில் மடித்த காகிதப் பொட்டலம்.)

செந்தில்: ஏனுங்கண்ணா, பழனிசாமி அண்ணன் நீங்கதானுங்களா? ஒரு சின்ன வேலைங்க. (பொட்டலத்தை நீட்டுகிறார்.)

பழனிசாமி: (லேத்தை நிறுத்தி, கையைத் துடைத்து, பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி) மலைக்குப் போய் வந்தீங்களாக்கும்? நம்மையும் ஞாபகம் வைத்து ஒரு பொட்டலம் மடிச்சிருக்கீங்க பாருங்க, மனசு வேணும் அதுக்கு. முருகா! (கண்ணை மூடிக்கொண்டு, பொட்டலத்துக்குள் விரலை விட்டு எடுத்து நெற்றியில் இழுக்கிறார்.)

செந்தில்: அண்ணா! அது விபூதி இல்லைங்க, கியருங்க!

பழனிசாமி: கியரா? எங்கே?

செந்தில்: உங்க நெற்றியில் ஒட்டியிருக்குதுங்க. கிரீஸ் பிசுக்கு இருக்கவே நின்றது. கீழே இந்தப் பிசிறுக்குள் விழுந்திருந்தால் என் கதி என்னங்க?

பழனிசாமி: விழுந்தால் காந்தத்தை விட்டு எடுத்துக்கலாம், அதுக்கு ஏன் வெசனப்படறீங்க?

செந்தில்: பிளாஸ்டிக்குங்க.

பழனிசாமி: (நெற்றியிலிருந்து பிடுங்கி, வெளிச்சத்தில் காட்டி) ஓகோ. இது எந்த மோட்டாருக்கு?

செந்தில்: வாக்மேனுங்க, கேசட் போட்டுப் பாட்டுக் கேட்கிற கையடக்கப் பெட்டி. எங்க மாமனாருடையது. அந்தக் காலத்தில் பனியன் ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். ஓடுதுங்க, பாட்டும் வருது, ஆனால் பாட்டுக்கு நடுவில் டிக், டிக், டிக் என்று ஒரே தாளம். சோகப் பாட்டுக்கும் அதே தாளம், சுப்ரபாதத்துக்கும் அதே தாளம். பொங்கல் நோம்பிக்குள் சரி பண்ணித் தருகிறேன் என்று ஒறம்பரை எல்லாம் கூடியிருந்த இடத்தில் சொல்லிவிட்டேன்.

பழனிசாமி: எந்தப் பொங்கலுக்கு?

செந்தில்: அது போய்ச்சுங்க.

பழனிசாமி: சரி, கடையில் கேட்டீங்களா?

செந்தில்: கேட்காத கடை இல்லைங்க. காட்டூரில் கேட்டேன், ஒருத்தர் டிராக்டர் கியர் எடுத்துப் போட்டார். டவுன்ஹால் பக்கம் பழைய டேப் மெக்கானிக் ஒருத்தர் இருந்தார், அவர் இப்போது செல்போனுக்கு கிளாஸ் ஒட்டுகிறார், வாக்மேனைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்புறம்தான் ரோசனை வந்தது, இதே மாடல் ஓடாத செட்டு ஒன்று வாங்கி அதிலிருந்து கியரைக் கழற்றி இதில் போட்டால் தீர்ந்தது என்று. உக்கடத்தில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கி ஒன்றைப் பிடித்து, ஓடாததுக்கு ஓடுவதன் விலை கொடுத்து, வீட்டுக்குக் கொண்டு வந்து திறந்தால், அதிலும் இதே கியர், இதே இடத்தில், இதே மாதிரி விரிசல்ங்க!

பழனிசாமி: இருக்காதா பின்னே? ஒரே பிளாஸ்டிக்கு, ஒரே அச்சு, ஒரே வயசு. சொந்தத்துக்குள்ளேயே பொண்ணு எடுத்தால் அப்படித்தான், ஒரே சீக்கு எல்லாருக்கும் வரும்.

செந்தில்: நான் எடுத்ததும் மாமன் மகள்தானுங்க.

பழனிசாமி: (இருமி) நான் கியரைச் சொன்னேன். ஒட்டிப் பார்த்தீங்களா?

செந்தில்: பார்த்தேங்க. விரல்தான் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தம்பி இன்ஜினியரிங் படிக்கிறான், 3டி பிரிண்டரில் போட்டுத் தருகிறேன் என்றான். வந்ததைப் பார்த்தால் பல்லே இல்லைங்க, பொக்கை வாய்.

பழனிசாமி: எப்படி வரும்? அந்த மெஷினில் பிளாஸ்டிக் வடிகிற முனையின் ஓட்டையே சாதாரணமாக 0.4 மில்லி. உங்க கியரில் பல்லின் உயரமே முக்கால் மில்லிக்குக் கீழே. பல்லு வரைய வேண்டிய பேனா பல்லு பருமனுக்கு இருந்தால் என்ன பண்ணும், பாவம்.

செந்தில்: அதனால்தானுங்க உங்ககிட்ட வந்தேன். நீங்க எஃகில் ஒன்று போட்டுக் கொடுங்க. என்ற பேரன் காலம் வரைக்கும் உடையக் கூடாது.

பழனிசாமி: தம்பி, சித்தெ உட்காருங்க. இது ஏன் வெடித்தது தெரியுமா?

செந்தில்: தேய்ந்து போய்த்தானுங்களே?

பழனிசாமி: தேயவே இல்லை, பல்லைப் பாருங்க, புதுசு கெட்டுது. பிளாஸ்டிக்கை இரும்பு ஷாஃப்ட்டின் மேல் டைட்டாக இறக்கியிருக்கான். அன்றைக்கு நிற்கும். ஆனால் அது ஓடினாலும் சரி, பீரோவில் தூங்கினாலும் சரி, உள்ளே இருக்கிற இரும்பு வெளியே தள்ளிக்கொண்டே இருக்குது, பிளாஸ்டிக்கு வயசாகி இறுகிச் சுருங்கிக்கொண்டே வருது. முப்பது நாற்பது வருஷம் தாங்கியதே பெரிசு. கடைசியில் பட்டென்று ஒரு இடத்தில் பிளந்துவிட்டது. பிளந்த இடத்தில் ரெண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி கூடிப்போச்சு, சுற்றுக்கு ஒரு தடவை அந்த இடம் பக்கத்து கியரில் இடறுது. அதுதான் உங்க டிக்.

செந்தில்: அப்ப எஃகு போட்டால் வெடிக்காதில்லைங்க?

பழனிசாமி: எஃகு வெடிக்காது. நாடா எங்கேயாவது சிக்கி நின்றால் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் கியர் வெடிக்கும். அதைத் தூக்கிக்கொண்டும் இங்கேதான் வருவீங்க. எனக்கு லாபம்தான், ஆனால் மனசாட்சின்னு ஒன்று இருக்குதே. அதுவும் இவ்வளவு பொடிப் பல்லில் வெட்டின பிசிறு ஒரு துளி நின்றுவிட்டால் போதும், பக்கத்துப் பல்லை ராவி எடுத்துவிடும். சத்தம் வேற. பாட்டுக் கேட்கிறதா, தறி ஓட்டுகிறதா?

செந்தில்: நைலான்?

பழனிசாமி: ஈரம் குடித்து ஊதும். ஆடி மாசம் ஒரு அளவு, பங்குனியில் ஒரு அளவு. டெல்ரின் என்று ஒரு கெட்டி பிளாஸ்டிக், அதில் ராடு இருக்குது, அதில் போடலாம், அவ்வளவாக ஊதாது. நடு ஓட்டையை மட்டும் நான் இலகுவாக விடுவேன், அடித்து இறக்கக் கூடாது. அதே டைட் வைத்தால் மறுபடியும் அதே கதைதான். ஆமாம், இது என்ன வேகத்தில் ஓடும்?

செந்தில்: நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் போகணுங்க. 1963-ல் பிலிப்ஸ் கேசட்டைக் கொண்டு வந்தபோது வைத்த வேகம், வாக்மேன் வந்தது 1979-ல், அப்போதும் அதே வேகம்தான்.

பழனிசாமி: நமக்கு 1440 ஆர்பிஎம், நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்றால் ஒரு வார்த்தையில் புரியும். சென்டிமீட்டரில் ஓடுகிற மோட்டாரை இப்பத்தான் பார்க்கிறேன். சரி, பல்லு எத்தனைங்க?

செந்தில்: முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு.

பழனிசாமி: மூணில் எது?

செந்தில்: எண்ணும்போதெல்லாம் வேற வேற வருதுங்க.

பழனிசாமி: மார்க்கெட்டில் வெங்காய விலையா கேட்டேன்? டிவைடிங் ஹெட்டில், அதாவது வட்டத்தைச் சமமாகப் பிரித்துத் திருப்புகிற கருவியில் போட்டு வெட்டணும். கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் உள்ளே வேலை ஒரு சுற்று சுற்றும். 37 பல்லு என்றால், பல்லுக்குப் பல்லு ஒரு முழுச் சுற்றும், அதன் தட்டில் 37 ஓட்டை போட்ட வட்டத்தில் மூணு ஓட்டையும் தள்ளணும். 38 என்றால் வேற வட்டம், ஒரு சுற்றும் 19-இல் ஒரு ஓட்டையும். நீங்க ஒரு பல்லு தப்பாகச் சொன்னால் நான் நாள் பூராவும் சுற்றி, கடைசிப் பல்லு முதல் பல்லு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். இந்தாங்க லென்ஸ். பேனாவில் ஒரு புள்ளி வைத்து எண்ணுங்க.

செந்தில்: ஒன்று, ரெண்டு, மூணு... (எண்ணிக்கொண்டே போகிறார்) முப்பத்தொன்று... (போன் அடிக்கிறது) மாமா, சொல்லுங்க... பட்டறையில்தான் இருக்கேன்... ஆமாங்க, பார்த்துட்டாங்க... இல்லைங்க மாமா, பல்லு வலி எனக்கு இல்லைங்க, வாக்மேனுக்கு... வைக்கிறேனுங்க. (போனை வைத்துவிட்டு) அண்ணா, எதில் விட்டேன்?

பழனிசாமி: விடுங்க, உங்களை நம்பினால் ஆயுத பூஜையே வந்துவிடும். (வெர்னியரை எடுத்து அளக்கிறார்) வெளி விட்டம் 11.8 மில்லி. பல்லு எண்ணிக்கையோடு ரெண்டைக் கூட்டி, மாடூல் என்கிற பல்லு சைஸ் நம்பரால் பெருக்கினால் வெளி அளவு வரணும். மாடூல் 0.3 மாதிரி தெரியுது. 38 பல்லு என்றால் நாற்பது பெருக்கல் 0.3, பன்னிரண்டு வரணும். இது வெடித்து விரிந்ததுக்கு அப்புறமே 11.8 தான், அதனால் 38 இல்லை. 36 என்றால் 11.4. அப்படி இருந்து 11.8-க்கு விரிந்திருந்தால் நடுவில் ஒரு பல்லையே சொருகுகிற அளவுக்குச் சந்து தெரியணும், தெரியலை. 37 என்றால் 11.7. விரிசலுக்கு ஒரு பாயிண்ட் தள்ளினால் சரியாகப் போச்சு. முப்பத்தேழு!

செந்தில்: எண்ணாமலேயே சொல்லிட்டீங்களே!

பழனிசாமி: எண்ணத் தெரியாதவங்க நிறைய வருவாங்க தம்பி, பழக்கம்தான். செட்டிங் கூலி ஆயிரத்து ஐந்நூறு.

செந்தில்: இத்துனூண்டு பிளாஸ்டிக்குக்கா? ரெண்டு ரூபாய் சரக்கு பெறாதுங்களே!

பழனிசாமி: சரக்கு ஒரு ரூபாய்தான், அதை நான் சும்மாவே தருகிறேன். பொடிப் பல்லுக்குத் தனியாக டூல் தீட்டணும், ஹெட்டைச் செட் பண்ணணும், அதுக்கு ஒரு நாள். ஒன்று வெட்டினாலும் அதே கூலி, பதினைந்து வெட்டினாலும் அதே கூலி. ரெண்டு அங்குல நீள ராடில் பல்லு பூராவும் வெட்டிவிட்டு வில்லை வில்லையாக அறுத்தால் பதினைந்து தேறும்.

செந்தில்: என்கிட்ட இருக்கிறது ரெண்டு செட்டு. பதின்மூணு கியரை வைத்து நான் என்னங்க பண்ண?

பழனிசாமி: அந்த உக்கடத்து ஆளிடம் இதே மாதிரி ஓடாத செட்டு இன்னும் இருக்குதா?

செந்தில்: ஒரு சாக்கு நிறைய வைத்திருக்காருங்க.

பழனிசாமி: அப்புறம் என்ன? ஒரு கியர் போட்டால் ஓடாத செட்டு ஓடுகிற செட்டு.

செந்தில்: கியர் கிடைக்குது என்று அவருக்குத் தெரிந்தால் அவ்வளவுதானுங்க, சாக்குக்கே நகை விலை சொல்லுவார்.

பழனிசாமி: அதனால்தான் முதலில் செட்டை எல்லாம் எடைக்குப் பேசி வாங்கிப் போடணும், கியரைப் பற்றி அதுக்கப்புறம்தான் வாயைத் திறக்கணும். இந்த வயசில் இதைக்கூட நான் சொல்லித் தரணுங்களா?

செந்தில்: அண்ணா, நான் மாமனாருக்கு ஒரு பாட்டுக் கேட்கக் கொடுக்கலாம் என்றுதான் வந்தேன்.

பழனிசாமி: கேட்கட்டும், யார் வேண்டாம் என்றது? அவரிடமே முதலீடு கேளுங்க, பாதிக்குப் பாதி பங்கு. என் பட்டறை பங்கு தனி. இப்ப ஐந்நூறு அட்வான்ஸ் வையுங்க.