விறகடுப்பு என்று போர்டு, தட்டில் வேகாத மாவு

பீட்சாத் துண்டு ஒன்றை நுனியில் பிடித்துத் தூக்கினால் நடுப்பகுதி ஈரத்துணி மாதிரித் தொங்குகிறது. மேலே இருந்த சீஸ் மொத்தமாக வழுக்கித் தட்டில் விழுகிறது. துண்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. ஒரு கரும்புள்ளி கூட இல்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. இதற்கு நானூற்றைம்பது ரூபாய் பில்!

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கத்து ஜனங்கள், பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்களே என்று லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் கேரள எல்லையில் இருக்கிற குமுளிக்கு வந்து உட்கார்ந்தால் கிடைப்பது இதுதான். வாசலில் இத்தாலிக் கொடி, செங்கல் அடுப்புப் படம், "உட் ஃபயர்டு" என்று பெரிய எழுத்து. கேட்டால், "நம்ம ஊர்ல இவ்வளவுதாங்க வரும், இத்தாலி மாதிரியெல்லாம் முடியாது" என்று ஒரு பதில். பொய். இதே மாவை வைத்துக்கொண்டு கீழே கம்பத்தில் பரோட்டா மாஸ்டர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மைதாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, நேரம் கொடுத்து ஊறவைத்து, அதன் பிறகுதான் வீசுகிறார். கல் காயாமல் ஒரு பரோட்டா போடமாட்டார். அடி வெளுத்த பரோட்டாவை இலையில் வைத்தால் அடுத்த நிமிஷம் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். நேரமும் சூடும் தவிர இதில் வேறு ரகசியமே கிடையாது. அந்த இரண்டையும்தான் இந்த பீட்சாக் கடைகள் திருடுகின்றன.

முதலில் அடுப்பு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து முறை பீட்சாவுக்கு அடுப்பின் தரை 400 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும், மேல் வளைவு அதைவிடச் சூடாக இருக்க வேண்டும். அப்போதுதான் 60 முதல் 90 நொடிக்குள் வெந்து, ஓரம் உப்பி, அங்கங்கே கருகின புள்ளி விழும். செங்கல் அடுப்பு அந்தச் சூட்டுக்கு வர நல்ல விறகு போட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் எரிய வேண்டும். ஏழு மணிக்குக் கூட்டம் வரும் என்றால் ஐந்து மணிக்கே தீ மூட்டியிருக்க வேண்டும். இங்கே ஆறரைக்குத்தான் மூட்டுகிறார்கள். அதுவும் எந்த விறகு? மழையில் நனைந்த ரப்பர் கட்டை! ஜூன் பிறந்துவிட்டால் குமுளியில் நாலு மாசம் எதுவும் காயாது. வெட்டி, பிளந்து, கூரைக்குள் அடுக்கி ஆறு மாசமாவது உலர்ந்த விறகு வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் "டங்" என்று கேட்க வேண்டும். "தொப்" என்று கேட்டால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அந்த விறகு தன் சூட்டையெல்லாம் தன் தண்ணீரை ஆவியாக்கவே செலவழிக்கும். மிச்சம் வருவது புகை. மேசைக்கு வரும் பீட்சாவில் அடிக்கிற அந்தக் கசந்த புகை நாற்றத்துக்குக் காரணம் இதுதான். "ஸ்மோக்கி ஃப்ளேவர்" என்று மெனுவில் போட்டால் அது ருசியாகிவிடாது.

அடுப்பு தயாரா இல்லையா என்று சொல்ல மீட்டர் கூட வேண்டாம். உள்ளே குனிந்து மேல் வளைவைப் பார்த்தால் போதும். தீ மூட்டியதும் கரி படிந்து கருப்பாகும். சூடு ஏறியதும் அந்தக் கரி எரிந்துபோய்ச் செங்கல் வெளிறித் தெரியும். வளைவு கருப்பாக இருக்கும்போது உள்ளே தள்ளுகிற எந்த பீட்சாவும் வேகாது, காயும். ஏழெட்டு நிமிஷம் உள்ளே கிடந்து மேலே சீஸ் எண்ணெய் கக்கிவிடும், அடி மட்டும் பச்சையாகவே இருக்கும். கூட்டம் வந்ததும் ஒரே நேரத்தில் நாலு பீட்சாவைத் தள்ளுவது அடுத்த அநியாயம். ஒவ்வொரு ஈர மாவும் தரையின் சூட்டை உறிஞ்சுகிறது. தணலைக் கொஞ்சம் பரப்பித் தரையைத் திரும்பச் சூடேற்ற அஞ்சு நிமிஷம் விட வேண்டாமா? ஐந்தாவது மேசைக்குப் போகிற பீட்சா வெளுத்துப்போவது அதனால்தான். விறகடுப்புக்கு வக்கில்லை என்றால் அடியில் கல் பதித்த நல்ல கேஸ் டெக் ஓவன் போதும். 300 டிகிரியில் கல்லை முக்கால் மணி நேரம் காயவிட்டு ஆறேழு நிமிஷம் சுட்டால் மொறுமொறுவென்று நன்றாகவே வரும். அதில் ஒரு கேவலமும் இல்லை. வாசலில் விறகடுப்பைக் காட்டிவிட்டு உள்ளே ஆறிப்போன ஓவனில் சுடுவதுதான் ஏமாற்று.

மாவு விஷயம் இன்னும் வயிற்றெரிச்சல். ஒரு கிலோ மைதா, 600 மில்லி தண்ணீர், 20 முதல் 25 கிராம் உப்பு, 2 கிராம் உலர் ஈஸ்ட். பிசைந்து, ஆறு உருண்டையாகப் பிடித்தால் ஒன்று 270 கிராம் வரும். மூடி, ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம். சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைக்க வேண்டும். குமுளிக் குளிரில் மூன்று மணி நேரம். செலவு? ஒரு தட்டுக்கு மாவுச் செலவு பத்துப் பதினைந்து ரூபாயைத் தாண்டாது. ஆனால் முந்தின நாளே யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்கு மனசு வராமல் கைநிறைய ஈஸ்டை அள்ளிப் போட்டு அரை மணி நேரத்தில் உப்பவைக்கிறார்கள். கள் புளித்த வாடை அடிக்கிறதே, சாப்பிட்ட பிறகு வயிறு கல் மாதிரிக் கிடக்கிறதே, அது இந்த அவசரத்தின் பலன். உப்பின மாவையும் கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி விரிக்காமல் பூரிக்கட்டையால் தேய்த்துக் காற்றையெல்லாம் வெளியேற்றுகிறார்கள். அதைவிட மோசம், பேக்கரியில் வாங்கின ரெடிமேட் பேஸில் சாஸைத் தடவிக் கொடுத்துவிட்டு "ஹேண்ட் டாஸ்டு", அதாவது கையால் வீசி விரித்தது, என்று பில் போடுவது.

சாஸைப் பற்றிப் பேசினால் ஆத்திரம் தாங்கவில்லை. கீழே தேனிப் பக்கத்துச் சந்தைகளில் தக்காளி மலை மாதிரிக் குவிகிறது, வண்டி வண்டியாக இந்த மலைப்பாதையில்தான் கேரளத்துக்குப் போகிறது. அந்த வழியிலேயே கடை வைத்துக்கொண்டு பீட்சாவில் தடவுவது பாட்டில் கெச்சப்! நம் தக்காளியில் தண்ணீர் அதிகம், உண்மைதான். கொதிநீரில் போட்டுத் தோலுரித்து, விதை நீக்கி, கையால் நசுக்கி, ஒரு மணி நேரம் வடிதட்டில் விட்டு உப்புப் போட்டால் முடிந்தது. வேகவைக்கவே வேண்டாம். ஒரு பீட்சாவுக்கு 70, 80 கிராம் போதும். அதற்கு மேல் ஊற்றினால் நடுவில் குளம்தான். தக்காளி, சீஸ், பேசில் மட்டும் போடுகிற மார்கரீட்டா பீட்சாவுக்கு பேசில் இலை கிடைக்கவில்லை என்று காய்ந்த ஓரிகானோவைக் கொட்டுகிறார்கள். திருநீற்றுப்பச்சிலை என்று நம் வீட்டு ஓரங்களில் வளர்கிறதே, சப்ஜா விதை தருகிற செடி, அதுவும் இத்தாலிக்காரனின் பேசிலும் ஒரே இனம். நாலு தொட்டி வைத்தால் வருஷம் முழுக்க வரும்.

சீஸ் என்ற பெயரில் வருவது பல இடங்களில் பாமாயிலும் மாவுச்சத்தும் கலந்த கட்டி. சூடாக இருக்கும்போது மேலே மஞ்சள் எண்ணெய் மிதக்கும், ஐந்து நிமிஷம் ஆறினால் பிளாஸ்டிக் தகடாகிவிடும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்ததை சீஸ் என்று சொல்லி விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. "என்ன சீஸ் போடுறீங்க, பாக்கெட்டைக் காட்டுங்க" என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. பாஸ்தாவைப் பற்றி ஒரே வரி: காலையில் வேகவைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கினதை ராத்திரி கிரீமில் புரட்டித் தருகிறார்கள், வாயில் வைத்தால் களி.

இப்போது பரிமாறுகிற லட்சணம். 90 நொடியில் வேக வேண்டிய பண்டத்துக்கு 50 நிமிஷம் காத்திருக்க வேண்டும். கேட்டால் "இப்போ தராம் சேட்டா" என்கிறார் சர்வர், மூன்று முறை கேட்டாலும் அதே பதில். அந்தப் பையன் மேல் குற்றமில்லை, பத்து மேசைக்கு ஒருவனை விட்டால் அவன் என்ன செய்வான்? நாலு பேர் உட்கார்ந்தால் ஒருவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அடுத்தவருக்குத் தட்டு வருகிறது. வருகிற தட்டும் சில்லென்ற எவர்சில்வர். சுட்ட பீட்சாவை ஒரு நிமிஷம் கம்பித்தட்டில் வைத்து ஆவி போகவிட்டு மரப்பலகையில் தர வேண்டும். குளிர்ந்த தட்டில் வைத்தால் அடியில் ஆவி தண்ணீராகிக் கொஞ்சநஞ்சம் மொறுமொறுப்பும் ஊறிப்போகும். சைவம் சாப்பிடுகிற குடும்பத்துக்கு, பீஃப் பீட்சாவை வெட்டின அதே சக்கரக் கத்தியைத் துடைக்காமல் கொண்டுவந்து வெட்டித் தருகிறார்களே, இதை எப்படிப் பொறுப்பது? இன்னொரு கத்தி என்ன விலை இருக்கும்?

கடைசியில் பில். சாப்பாடு 1600 ரூபாய். அதில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 160. இரண்டையும் கூட்டி 1760-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 88. ஆக 1848. நியாயமாக 1680-தான் வர வேண்டும். சர்வீஸ் சார்ஜைக் கேட்காமலே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேரளா, தமிழ்நாடு என்ற பேச்சே இல்லை, நாடு முழுக்க இதுதான். எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே உட்கார்ந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன்பு எழுந்து போய் அடுப்புக்குள் ஒரு பார்வை பாருங்கள். வளைவு கருப்பாக இருந்தால் டீயோடு எழுந்து வந்துவிடுங்கள். வந்த பீட்சாவின் அடி வெளுத்திருந்தால் ஒரு கடி கூடக் கடிக்காமல் திருப்பி அனுப்புங்கள். அதையே மறுபடி உள்ளே தள்ளிச் சுட்டுக் கொண்டுவருவார்கள், மேலே சீஸ் காய்ந்து தோலாகியிருக்கும், ஓரம் ரஸ்க் மாதிரி உடையும். அதை வாங்காதீர்கள். புது உருண்டையில் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.