திருடனும் திருடியும் சாப்பிட உட்கார்ந்தால்

காதல் படம் பார்க்கப் போனால் இப்போதெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாயகன் வாய் திறக்கும் முன்பே ஐம்பது வயலின்கள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகின்றன. அந்தக் கடுப்பில்தான் நேற்று இரவு, எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1932இல் எடுத்த 'டிரபிள் இன் பாரடைஸ்' படத்தை மறுபடியும் போட்டேன். எத்தனையாவது முறை என்று வீட்டில் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

வெனிஸ் நகரம், இரவு, படகு. படகில் போவது குப்பை! குப்பைக்காரர் உருகி உருகிப் பாடிக்கொண்டே துடுப்புப் போடுகிறார்.

பிறகு அந்த விருந்து. ஹெர்பர்ட் மார்ஷல் பிரபு வேடம் போட்ட திருடன். மிரியம் ஹாப்கின்ஸ் சீமாட்டி வேடம் போட்ட திருடி. 'நீங்கள் ஒரு திருடர்' என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் உப்பைக் கேட்கிறாள். அவனும் மரியாதையாக எடுத்துக் கொடுக்கிறான். அப்புறம் நிதானமாக எழுந்து கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவளைப் பிடித்து உலுக்குகிறான். அவன் வேறொருவரிடம் அடித்த பணப்பை அவளிடமிருந்து பொத்தென்று விழுகிறது. மறுபடி சாப்பாடு. அவனுடைய கடிகாரத்தை எடுத்து நீட்டுகிறாள்; ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடியதாம், சரிசெய்து வைத்திருக்கிறாளாம்! பதிலுக்கு அவன் காட்டுவது அவளுடைய காலுறைப் பட்டியை. அது எப்போது கைமாறியது என்று அவளுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. தாவி வந்து கட்டிக்கொள்கிறாள். இதைவிட நேர்மையான காதல் காட்சியை நான் பார்த்ததில்லை.

படம் பேசத் தொடங்கி ஐந்தாறு வருடங்களே ஆகியிருந்த காலம் அது. குரல் கிடைத்த மகிழ்ச்சியில் பலர் பேசியே தீர்த்தார்கள். லூபிட்ச் மட்டும் காட்சியை மறைப்பதற்குக் குரலைப் பயன்படுத்தினார். பாரிஸில் வாசனைத் திரவிய முதலாளியான கே பிரான்சிஸிடம் திருடன் செயலாளராகச் சேர்ந்த பிறகு, ஒரு மாலைப்பொழுது முழுவதையும் வெறும் கடிகாரங்களாகக் காட்டுகிறார். ஆட்கள் இல்லை, குரல்கள் மட்டும். முகம் தெரியாததால் குரலில் வரும் சிறு தயக்கம்கூட நம் காதுக்குத் தப்புவதில்லை.

தணிக்கைக்குப் பயந்துதான் அந்தக் காலத்தவர்கள் நாசூக்காக எடுத்தார்கள் என்பார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹாலிவுட் தணிக்கை விதிகள் இறுகியது 1934இல். இந்தப் படம் அதற்கு முந்தியது. வேடிக்கை என்னவென்றால், 1935இல் மறுவெளியீட்டுக்குக் கேட்டபோது அனுமதி மறுத்துவிட்டார்கள். 1968 வரை பெட்டிக்குள்தான் கிடந்தது. காட்டாத காட்சிக்குத் தண்டனை!

கடிகாரக் காட்சி ஓடும்போது மனைவி வந்து உட்கார்ந்தார். "கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது?" என்று கேட்டார். பேசாமல் பார் என்றேன்.