கையில் கொடுத்தால் பிரியாணி தின்றுவிடுவோமாம்

காலநிலை நிதி பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் சுற்றிவிட்டது, திரும்பச் சொல்லவில்லை. "காலநிலை நிதியைத் தெருக்காரர்கள் கையில் கொடுத்தால் பிரியாணி போட்டுத் தின்றுவிடுவார்கள்" என்று அந்தப் பெரிய மனிதர் சொன்னதுகூடப் பரவாயில்லை. பாதி அரங்கம் சிரித்ததே, அதுதான் ரெண்டு நாளாகத் தூங்க விடவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வெள்ளம் மாதிரியான பாதிப்பைச் சமாளிக்க ஒதுக்கும் அந்த நிதியில், தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரிந்த தெருக்காரர்களிடம் கொஞ்சம் பணம் கொடுங்கள்.

2021இல் அறிவித்த தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022 டிசம்பரில் தொடங்கியது. 2023இல் சென்னைக்கென்று தனிச் செயல்திட்டமும் வந்தது. நல்லது, குறை சொல்லவில்லை. அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தது. வேளச்சேரியில் எங்கள் வீட்டு ஹாலில் இடுப்பளவு தண்ணீர். செயல்திட்டம் எங்கேயோ அலமாரியில் நனையாமல் இருந்திருக்கும்.

எங்கள் தெருவில் புது மழைநீர் வடிகால் கட்டும்போதே முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் சொன்னார்: "அக்கா, ரோடு கீழ கீது, ஓட்டை நாலு விரல் மேல கீது. தண்ணி என்ன ஏணி வெச்சா ஏறும்?" கான்ட்ராக்டர் ஆள் கேட்டுவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். அந்த வருடம் முதல் மழையிலேயே தண்ணீர் ஓட்டையைச் சுற்றிக்கொண்டு எங்கள் கேட்டுக்குள் நுழைந்தது. இறக்கிக் கட்ட நாங்களே காசு போடத் தயார், ஆனால் அரசு வடிகாலில் நாங்கள் கை வைக்கக் கூடாதாம். மனு கொடுத்து ஏழு மாதம் ஆகிறது.

ஊழல் நடக்கும் என்கிறீர்கள். நடக்கட்டுமே, தெருவுக்குக் கொடுக்கும் ரெண்டு லட்சத்தில் எவனாவது கை வைத்தால் அவன் வீட்டுக்குப் புது டிவி வந்த அன்றே எதிர்வீட்டு மாமிக்குத் தெரிந்துவிடும், கோடியில் நடப்பதை எந்த மாமி பார்ப்பது? மழைநீரை மண்ணுக்குள் விடத் தெருவில் உறைகிணறு இறக்கினால் உலக வெப்பம் குறையுமா என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருக்கிறார். குறையாது சாமி. என் வீட்டு ஹால் காயும். பொறியாளர் வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை, அவருக்கும் சேர்த்துத்தான் நிதி கேட்கிறோம்.

"அதான் நமக்கு நாமே திட்டம் இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறது, மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். கால்வாய் ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள் எதை விற்று அந்தப் பங்கைப் போடுவார்கள்? 2019இல் தாம்பரம் பக்கத்துச் சிட்லபாக்கம் ஏரியைச் சுத்தம் செய்ய மண்வெட்டியோடு இறங்கியது அந்த ஊர்க்காரர்கள்தான். அவர்கள் பிரியாணிக்காக இறங்கினார்களா?

இப்போது சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் எங்கள் மொட்டைமாடியில் மூன்று நாள் பதினாலு பேர். கரண்ட் இல்லை, அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினோம். ரெண்டாம் நாள் அந்த இஸ்திரி அண்ணன்தான் கழுத்தளவு தண்ணீரில் பால் பாக்கெட்டுகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார், காசு வாங்கவில்லை. அந்தப் பாலில் டீ குடித்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பெயர் சொல்ல மாட்டேன். இதையும் படிப்பார், லைக்கும் போடுவார்.